அந்திமந்தாரையும் வெள்ளை நாத்தும்: ஒரு அரைப்பக்கப் பாடத்தைப் பற்றி

நம் பன்னிரண்டாம் வகுப்பு தாவரவியல் புத்தகத்தில் (2019-ல் வந்த புதிய பாடத்திட்டம்) மரபியல் பகுதியில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. உட்கருவுக்கு வெளியே இருக்கும் மரபணுக்கள் எப்படி அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்று சொல்லும் இடம். அரைப் பக்கம் இருக்கும். ரொம்ப நாளாக அதைப் பற்றி எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

பாடம் சொல்வதன் சாரம் இது. அந்திமந்தாரையில் இரண்டு வகைச் செடிகள் இருக்கின்றன. ஒன்றில் இலை அடர்பச்சை, இன்னொன்றில் வெளிர்பச்சை. அடர்பச்சைச் செடியின் மகரந்தத்தை வெளிர்பச்சைச் செடியின் சூல்முடியில் வைக்கிறோம். பிறகு அப்பா, அம்மாவை இடம் மாற்றி அதே கலப்பைச் செய்கிறோம். மெண்டல் சொன்னபடி என்றால் இரண்டு கலப்பிலும் ஒரே மாதிரி பிள்ளைகள் வரவேண்டும். ஆனால் ஒவ்வொரு கலப்பிலும் பிள்ளை தாயின் நிறத்தையே கொண்டிருக்கிறது. காரணம், பசுங்கணிகம் அண்டத்தின் சைட்டோபிளாசத்தில் வருகிறது. ஆண் கேமீட் உட்கருவை மட்டும்தான் தருகிறது. அவ்வளவுதான். அடுத்து மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மெண்டலோடு மரபியலை முடித்துவிடாமல், அவர் விதிக்கு அடங்காத ஒன்றையும் பள்ளிக்கூடத்திலேயே காட்டுவது நல்ல விஷயம். பசுங்கணிகம், சடுதிமாற்றம், ஒடுங்கு பண்பு போன்ற சொற்கள் இன்று தமிழ்வழிப் பிள்ளைகளுக்குச் சரளமாக வருகின்றன என்றால் அதற்கு இந்தப் புத்தகங்களும் ஒரு காரணம். ஐந்து மதிப்பெண் கேள்விக்குத் தோதாக எழுதியிருக்கிறார்கள், அதுவும் சரி. என் பிரச்சினை வேறு இடத்தில்.

இந்தப் பரிசோதனையைச் செய்தவர் ஜெர்மனியின் கார்ல் காரென்ஸ். மெண்டலின் வேலையை 1900-ல் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அந்திமந்தாரைக் கட்டுரை வெளியானது 1909-ல். அந்தக் கட்டுரையில் அவர் ஒரு வகைச் செடியை மட்டும் பார்க்கவில்லை. இலை முழுக்க வெளிறிய பச்சையாக இருக்கும் ஒரு வகையையும் கலந்து பார்த்தார். அது சமர்த்தாக மெண்டல் விதிப்படி நடந்தது. வெளிர்பச்சை ஒடுங்கு பண்பு, அப்பாவிடமிருந்து வந்தாலும் அம்மாவிடமிருந்து வந்தாலும் ஒன்றுதான். தாய்வழி மட்டும் போனது இன்னொரு வகை: ஒரே செடியில் பச்சைக் கிளை, வெள்ளைக் கிளை, பச்சையும் வெள்ளையும் திட்டுத்திட்டாய் கலந்த கிளை என மூன்றும் இருக்கும் வகை.

ஆக, "அடர்பச்சைச் செடி, வெளிர்பச்சைச் செடி" என்று பாடம் சொல்லும் ஜோடியை அப்படியே எடுத்துக்கொண்டு காரென்ஸின் தோட்டத்துக்குப் போனால், பாடம் சொல்வதற்கு நேர் எதிரான விடை கிடைக்க வாய்ப்பிருக்கிறது! சுருக்கும்போது நடந்த விபத்து என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சுருக்கத்தில் தொலைந்துபோனது சாதாரண விவரம் இல்லை, சாட்சியமே அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். இரண்டு தனித்தனிச் செடிகளைக் கலந்தால் உட்கருவிலும் அவை வேறுபடும், சைட்டோபிளாசத்திலும் வேறுபடும். ஒரே செடியின் மூன்று கிளைகளில் உட்கரு ஒன்றேதான். பூ எந்தக் கிளையில் பூத்தது என்பது மட்டுமே வித்தியாசம். பச்சைக் கிளையில் பூத்த பூவின் விதை பச்சைச் செடி. வெள்ளைக் கிளைப் பூவின் விதை வெள்ளை நாற்று, கொஞ்ச நாளில் செத்துவிடும். கலப்புக் கிளையின் பூவிலிருந்து மூன்று மாதிரியும் வரும், அதுவும் எந்த நிலையான விகிதமும் இல்லாமல். மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பது பொருட்டே இல்லை. இந்த "நிலையான விகிதம் இல்லாமல்" என்பதில்தான் சூட்சுமம். ஒரு செல்லுக்குள் பல பசுங்கணிகங்கள் இருக்கின்றன. நல்லதும் பழுதும் கலந்திருக்கலாம். செல் பிரியும்போது சீட்டுக் குலுக்கியது போலப் பிரிந்து, சில செல்களில் நல்லது மட்டும், சிலவற்றில் பழுது மட்டும் என்று ஒதுங்குகின்றன. 3:1-க்கு இங்கே வேலையே இல்லை.

இந்த ஒதுங்கும் விளக்கத்தைச் சொன்னவர் காரென்ஸ் அல்ல, எர்வின் பவுர். காரென்ஸ் கடைசிவரை சைட்டோபிளாசத்தின் நோய் என்ற அளவில்தான் நின்றார். பவுரின் கட்டுரை அதே 1909-ல், அதே ஆராய்ச்சி இதழின் முதல் தொகுதியில், காரென்ஸ் கட்டுரை முடிந்த அடுத்த பக்கத்திலேயே தொடங்குகிறது. அவர் எடுத்துக்கொண்டது பெலார்கோனியம், ஊட்டியில் ஜெரேனியம் என்று தொட்டியில் விற்பார்களே அது. அதில் அப்பாவின் பசுங்கணிகமும் பிள்ளைக்கு வருகிறது! யாரை அம்மாவாக வைத்தாலும் பச்சையும் வெள்ளையும் கலந்த பிள்ளைகள் வந்தன. 1988-ல் 200-க்கு மேற்பட்ட பூக்கும் தாவர இனங்களின் மகரந்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இனங்களில் அப்பா வழியாகவும் போக வாய்ப்பு தெரிந்தது. பாடத்தில் வரும் "ஆண் கேமீட் உட்கருவை மட்டும்தான் தரும்" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு "பெரும்பாலும்" சேர்த்தால் போதும். அதிகம் கேட்கவில்லை.

சரி, இதெல்லாம் வரலாற்று நுணுக்கம், பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும், பாபநாசம் பக்கம் உறவுக்காரர் வீட்டில் பன்னிரண்டாவது படிக்கும் பெண் ஒரு கேள்வி கேட்காமல் இருந்திருந்தால்.

"மாமா, எங்க நாத்தங்கால்ல அங்கங்க நாத்து வெள்ளையா வந்திருக்கு. புத்தகப்படி பாத்தா அதோட அம்மா வெள்ளையா இருந்திருக்கணும். ஆனா வெள்ளை நாத்து எதுவுமே கதிர் வர்ற வரைக்கும் உசிரோட இருக்காதே? அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?"

அருமையான கேள்வி. பாடத்தின் சூத்திரத்தை நெல்லுக்குப் போட்டால் வெள்ளை நாற்று என்பது பிறக்கவே முடியாத ஒன்று. பச்சைத் தாய்க்குப் பச்சைதான் பிறக்கும்; வெள்ளைத் தாய் இருக்கவே முடியாது. விதையில் இருக்கும் மாவுச்சத்து தீரும்வரை இரண்டு மூன்று இலை விட்டு, சுமார் இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். ஆனாலும் நாற்றங்காலில் அது நிற்கிறதே! புத்தகத்தை ஒழுங்காகப் படித்த பெண்ணுக்குத்தான் இந்த முரண்பாடு தெரியும். அரைகுறையாகப் படித்தவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

அவள் கேட்டதற்குப் பின்னால் ஒரு வீட்டு விவகாரமும் இருந்தது. அது அவர்கள் பல வருடமாகச் சொந்தமாக எடுத்துவைத்து விதைக்கும் மாப்பிள்ளைச் சம்பா. "விதை கெட்டுப்போச்சு, கழிச்சுட்டு வேற வாங்கிடலாம்" என்பது தாத்தாவின் கட்சி. இந்த மாதிரி நேரத்தில்தான் மரபியல் பாடம் ஏதாவது சொல்லவேண்டும்.

நெல்லில் வெள்ளை நாற்றுக்குப் பெரும்பாலும் காரணம் உட்கருவில் உள்ள ஒடுங்கு மரபணு. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, கணக்கைப் பாருங்கள். ஒரு பசுங்கணிகத்துக்குள் வேலை செய்யும் புரதங்கள் 3000 அளவில் இருக்கும். நெல்லின் பசுங்கணிக டி.என்.ஏ. முழுவதையும் 1989-ல் ஜப்பானில் படித்து முடித்தார்கள். மொத்தம் 1,34,525 எழுத்துகள். அதில் புரதத்துக்கான மரபணுக்கள் 80 சொச்சம்தான். மீதி எல்லாப் புரதத்துக்கும் செய்முறை உட்கருவில் இருக்கிறது. பச்சையத்தைச் சமைக்கும் நொதிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், பூக்கும் தாவரங்களில் அவற்றில் ஒன்றின் மரபணுகூடப் பசுங்கணிகத்தில் இல்லை. எல்லாம் உட்கருவில். அடுப்பு ஒரு வீட்டில், சமையல் குறிப்பு இன்னொரு வீட்டில் என்கிற கதை. ஆகவே இலை வெளிறினால் பழுது எங்கே என்று தேடவேண்டிய முதல் இடம் உட்கரு.

நெல்லில் இதற்குப் பெயர் தெரிந்த உதாரணங்கள் நிறைய. பச்சையத்தின் நடுவில் மக்னீசியத்தைப் பொருத்தும் நொதியின் இரண்டு துண்டுகளில் பழுது வந்தால் இலை மஞ்சள்பச்சையாகிறது. இன்னொரு வகையில் நாற்று குளிரில் வெளிறி வளரும், வெயில் ஏறினால் பச்சை பிடிக்கும். வேறொன்றில் இலை நெடுக வெள்ளைக் கோடுகள். எல்லாமே உட்கரு மரபணுக்கள்தான். (கோடு ஏன் என்றால், புல் வகை இலை அடியிலிருந்து வளர்கிறது, ஒரு செல்லின் சந்ததி நீளவாக்கில் வரிசையாகப் போகும். அதனால் மந்தாரையில் திட்டாகத் தெரிவது நெல்லில் கோடாகத் தெரியும்.)

இன்னும் ஒன்று. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் காமா கதிர் கொடுத்து நெல் சடுதிமாற்றம் செய்த ஆய்வேடுகளைப் புரட்டினால் ஒரு அட்டவணை தவறாமல் கண்ணில் படும்: வெள்ளை இத்தனை, மஞ்சள் இத்தனை, வெளிர்பச்சை இத்தனை, கோடு போட்டது இத்தனை. கதிர் வாங்கிய விதையிலிருந்து வளர்ந்த முதல் தலைமுறையில் இதை எண்ணுவதில்லை. அதன் கதிர்களை அறுத்து இரண்டாம் தலைமுறை நாற்றங்காலில்தான் எண்ணுவார்கள். ஒடுங்கு பண்பு தன்மகரந்தச் சேர்க்கைக்குப் பிறகுதான் வெளியே தெரியும் என்பதால். எண்ணி முடித்ததும் அந்த நாற்றுகள் செத்துப்போகும், அட்டவணை மட்டும் நிற்கும். எத்தனையோ ஆய்வாளர்கள் நாற்றங்கால் வரப்பில் குத்தவைத்து எண்ணிய இந்தக் கணக்கு நம் ஊரிலேயே இருக்கும்போது, இலை நிற மரபியலுக்கு நாம் மந்தாரையோடு நின்றுவிட்டோம்.

பாபநாசத்துக்கு வருவோம். தாத்தாவின் விதையில் என்ன நடந்திருக்கும்? எப்போதோ ஒரு செடியில் ஒரு மரபணு பழுதாகியிருக்கிறது. அந்தச் செடி பச்சையாகவே இருந்திருக்கும், ஏனென்றால் இன்னொரு பிரதி நன்றாக இருக்கிறது. நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். அயல் மகரந்தம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் செடியின் நெல்லை மட்டும் தனியாக விதைத்தால் நாலில் ஒன்று வெள்ளை, அது செத்துவிடும். மிஞ்சும் பச்சையில் மூன்றுக்கு இரண்டு பழுதை உள்ளே வைத்திருக்கும். அடுத்த தலைமுறையில் ஆறில் ஒன்று வெள்ளை, அதற்கடுத்து பத்தில் ஒன்று, பிறகு பதினெட்டில் ஒன்று. பேப்பரில் போட்டுப் பாருங்கள், அழகாக வரும். பழுதை ஒளித்துவைத்திருக்கும் செடிகள் மூன்றில் இரண்டு, ஐந்தில் இரண்டு, ஒன்பதில் இரண்டு, பதினேழில் இரண்டு என்று குறைந்துகொண்டே போகும். இது அந்த ஒரு செடியின் வாரிசுகளுக்குள் மட்டும்; வயல் முழுக்க நெல் கலந்து அடிக்கும்போது இன்னும் அடையாளமே தெரியாமல் கரைந்துவிடும். யாரும் எதையும் செய்யாமலே, வெள்ளை நாற்று சாகச்சாக விதை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது.

அதாவது, விதையைக் கழிக்க வேண்டியதில்லை. வெள்ளை நாற்றைப் பிடுங்கி எறிவதாலும் ஒரு பயனும் இல்லை, அது எப்படியும் போகப்போவதுதான். பழுது ஒளிந்திருப்பது பச்சை நாற்றில். ரொம்ப மனசு கேட்கவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. நல்ல செடிகளின் கதிரைத் தனித்தனியே எடுத்து, கதிருக்கு ஒரு வரிசையாக விதைத்து, வெள்ளை காட்டும் வரிசையை முழுக்கத் தள்ளிவிடலாம். வரிசைக்கு 20 நாற்று முளைத்திருந்தால் போதும். பழுதுள்ள ஒரு கதிர் அத்தனையிலும் பச்சை காட்டி ஏமாற்றுவது ஆயிரத்துக்கு மூன்று தடவைதான்.

இதே இடத்தில் பழுது பசுங்கணிகத்தில் இருந்திருந்தால் கதை மாறும். அப்போது தாய்ச்செடியே கோடு விழுந்த இலையோடு நின்றிருக்கும். அந்த ஒரு செடியைப் பார்த்துப் பிடுங்கினால் கலவன் எடுத்த மாதிரி, விஷயம் தீர்ந்தது. பச்சைப் பக்கத்துச் செடிகளைச் சந்தேகப்பட வேண்டியதே இல்லை. ஒன்றில் பழுதைக் கண்ணால் பார்க்கலாம், இன்னொன்றில் அது ஒளிந்திருக்கும். விதைநெல் எடுப்பவருக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் மரபியல் வேண்டும். கோடு போட்ட தாய் என்ற அந்த மூன்றாவது கிளையைப் பாடம் விட்டுவிட்டதால் பிள்ளைக்கு இந்தப் பிரிவினையே தெரியாமல் போகிறது.

(இதற்கெல்லாம் முன்னால் ஒன்று பார்க்கவேண்டும். நாற்று திட்டாக ஒரு பக்கம் மொத்தமாக வெளுத்து, அதிலும் புது இலைதான் வெளுத்து பழைய இலை பச்சையாக இருந்தால், அது இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம். அன்னபேதி கரைத்துத் தெளித்தால் பச்சை திரும்பும். மரபணுப் பழுது அங்கொன்று இங்கொன்றாக, முதல் இலையிலிருந்தே வெள்ளையாக நிற்கும். அன்னபேதிக்கு அசையாது.)

அப்படியானால் நெல்லில் உண்மையான பசுங்கணிக டி.என்.ஏ. சடுதிமாற்றமே கிடையாதா? உண்டு. ஆனால் அது கிடைத்த இடம் வயல் இல்லை, ஆய்வுக்கூடம். மகரந்தப்பையை ஊடகத்தில் வளர்த்து, மகரந்தத்தூளிலிருந்தே செடி உண்டாக்கும் முறையில் வெள்ளை நாற்றுகள் ஏராளமாக வரும். நம் இண்டிகா நெல்லில் இந்தத் தொல்லை ரொம்ப அதிகம். அந்த வெள்ளைச் செடிகளின் பசுங்கணிகத்தைப் பிரித்துப் பார்த்தால் டி.என்.ஏ.வில் பெரிய பெரிய துண்டுகளே காணாமல் போயிருந்தன. கோதுமையில் 1984-ல் இதைக் காட்டினார்கள், பிறகு நெல்லிலும். கவனியுங்கள், இந்தச் செடிகளுக்கு வந்தது மகரந்தத்தின், அதாவது அப்பாவின், பசுங்கணிகம்! பிள்ளைகளுக்குத் தராமல் ஒதுக்கிவைக்கும் சரக்கை வைத்தே செடி செய்யச் சொன்னால் வேறென்ன வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது மக்காச்சோளத்தின் அயோஜாப். அயோவா, ஜப்போனிகா இரண்டையும் ஒட்டி வைத்த பெயர். இது உட்கருவில் உள்ள ஒடுங்கு மரபணு. ஆனால் அது பசுங்கணிகத்தைக் கெடுத்துவிட்டால், கெட்ட பசுங்கணிகம் அதன்பின் தாய்வழியாகவே போகிறது; உட்கருவில் நல்ல மரபணு திரும்ப வந்தாலும் தேறுவதில்லை. மார்கஸ் ரோட்ஸ் 1943-ல் இதை விளக்கினார். மெண்டல் வழி, தாய்வழி என்று இரண்டு பெட்டி போட்டுப் பிரித்து மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்த ஒரு செடியைக் காட்டினால் போதும், இரண்டு பெட்டிக்கும் நடுவே கதவு இருப்பது தெரிந்துவிடும். புத்தகத்தில் இதற்கு இடம் இல்லை என்றால் ஆசிரியர் கையேட்டிலாவது போடலாம்.

"நெல்லை வைத்துத் தாய்வழியைச் சொல்லிக்கொடுக்க முடியாது, அதனால்தான் மந்தாரை" என்று யாராவது வாதாடலாம். முடியும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998-ல் ஏடிடிஆர்ஹெச் 1 என்ற வீரிய ஒட்டு நெல் வந்தது. அதன் தாய் ஐஆர் 58025ஏ, மகரந்தம் மலடான வரிசை. அந்த மலட்டுத்தன்மை இருப்பது சைட்டோபிளாசத்தில். 1970-ல் சீனாவின் ஹைனான் தீவில் கண்டெடுத்த ஒரு காட்டு நெல்லின் வழியில் வந்தது. இது இலை நிறம் இல்லை, பசுங்கணிகமும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவின் வேலை. ஆனால் தாய் மட்டும் கொடுக்கும் சொத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் டெல்டாப் பிள்ளைக்குக் கிடைக்காது. ஒட்டு விதை எடுக்கும் வயலில் எந்த வரிசையில் அறுத்தால் ஒட்டு விதை என்பதே இந்தப் பாடம்தான். புத்தகமோ அடுத்த பத்தியில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு மக்காச்சோளத்தைத் தேடிப் போகிறது.

பயிற்சிக் கேள்வி வேண்டுமானால் நான் ஒன்று தருகிறேன். தஞ்சாவூரில் ஒரு காலத்தில் குறுவை என்றால் ஏடிடி 27தான். 1965-ல் ஆடுதுறையிலிருந்து வந்தது. ஜப்பானின் நோரின் 10, நம் ஜிஇபி 24 இரண்டையும் கலந்து எடுத்தது. இண்டிகா நெல்லின் பசுங்கணிக டி.என்.ஏ.வில், ஜப்போனிகாவில் இருக்கும் 69 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு பெரும்பாலும் இருக்காது. ஏடிடி 27-இன் ஒரு இலை உங்கள் கையில் இருக்கிறது. அதன் அம்மா ஜப்பான்காரியா, நம்மூர்க்காரியா? அந்த இலையை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அப்பா யார் என்று அதே சோதனையால் சொல்ல முடியுமா, ஏன்? ஐந்து மதிப்பெண்.